மயிலுக்கு வாங்கிய பாட்டுப் பெட்டி

செல்லமுத்து மாமாவுக்குக் கடவுள் நிலத்தைக் கொடுத்தார், குரலையும் கொடுத்தார். நிலத்தையாவது தம்பியோடு பங்கு போட வேண்டியிருந்தது. குரலில் பங்கு கேட்டு யாரும் வரவில்லை. வடக்கனந்தலில் அவர் வீட்டுக் காப்பியில் சர்க்கரை குறைந்தால் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த வீடு என்னுடையது. மலையடிவாரத்தில் அவர் பயிர் வைக்கும் கொல்லைக்கு அடுத்த கொல்லையும் எங்களுடையதுதான். ஆகையால் வீட்டிலும் காட்டிலும் அந்தக் குரலை இலவசமாகக் கேட்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. என்னைவிட அதிகமாகக் கேட்டவள் அவர் மனைவி அமிர்தம் அக்கா ஒருத்திதான்.

அக்கா எதிர்த்துப் பேச மாட்டாள். "இன்னாங்க" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவள். மாமா கத்துவார், அக்கா "இன்னாங்க" என்பாள், அதற்கும் சேர்த்து இன்னொரு முறை கத்துவார். "செல்லமுத்துக்கு வாய்தான் அப்படி, மனசு தங்கம்" என்று ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் அந்த வீட்டில் ஒரு நாள் குடியிருந்ததில்லை.

போன புரட்டாசியில் மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரமாகப் பார்த்துக் கல்வராயன் மலையிலிருந்து மயில்கள் கூட்டம் கூட்டமாக இறங்கின. மயிலைக் கல்லால் அடித்தால் வனத்துறை கேஸ் போடும். வாயால் எவ்வளவு அடித்தாலும் கேஸ் கிடையாது. இந்தச் சட்டம் மாமாவுக்கு வீட்டிலேயே பழக்கம். அவர் கொல்லையில் கூலிக்கு இருந்த பழனி பகல் முழுக்கத் தகரத்தைத் தட்டி மயில் ஓட்டிக்கொண்டிருந்தார். பழனி மரத்தடியில் தூங்குகிறார் என்று மாமாவுக்குச் சந்தேகம். தானே போய் ஓட்டலாம் என்றால், கச்சிராயபாளையம் டீக்கடையில் நாட்டு நடப்பை யார் கவனிப்பது? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். பாட்டுப் பாடுகிற மெஷின் ஒன்றை வாங்கி, அதில் தன் குரலைப் பதிந்து கொல்லையில் வைத்துவிட வேண்டியது. மெஷின் கத்தும், மயில் ஓடும், மாமா டீ குடிப்பார்.

கள்ளக்குறிச்சியில் ஜெயப்பிரகாஷின் செல்போன் கடைக்கு அவர் வந்த அன்று, என் போனுக்குக் கண்ணாடி மாற்ற நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். எதற்காக வாங்குகிறோம் என்பதை மட்டும் வாய் திறந்து சொல்லக் கூடாது என்பது மாமாவின் பிடிவாதம். சொன்னால் யோசனையைத் திருடிவிடுவார்களாம்.

"சத்தம் நல்லா வரணும். சார்ஜ் நிக்கணும். நாம பேசனா அதுல பதியணும். ஜேபில வெக்கற மாதிரி சின்னதா இருக்கணும்" என்றார்.

"எதுக்குங்க, வாக்கிங் போவறதுக்கா?" என்று கேட்டார் ஜெயப்பிரகாஷ்.

"எதுக்கா இருந்தா உனக்கு இன்னாய்யா?"

ஜெயப்பிரகாஷ் எத்தனையோ வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். மேற்கொண்டு கேட்காமல் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த பிளேயர்களை எடுத்து வரிசையாக வைத்தார். மாமா ஒவ்வொன்றையும் குலுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி அமுக்கிப் பார்த்தார். படம் தெரிகிற கண்ணாடி வைத்ததை "நான் இன்னா காலேஜா போறேன்" என்று ஒதுக்கினார். கறுப்பாக ஒன்று அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஜெயப்பிரகாஷ் அதன் இயர்போனை அவர் இரண்டு காதிலும் சொருகி, பாட்டைப் போட்டு, சத்தத்தை முழுசாக ஏற்றினார்.

மாமா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "யோவ், கம்மி பண்ணுய்யா. பஸ் ஸ்டாண்டு வரிக்கும் கேக்குது. பக்கத்துக் கடக்காரன் சண்டைக்கு வந்துறப் போறான்" என்று கத்தினார். பக்கத்துக் கடைக்காரர் வரத்தான் செய்தார். பாட்டுச் சத்தம் கேட்டு வரவில்லை, மாமாவின் சத்தம் கேட்டு வந்தார்.

"மாமா, அது உங்க காதுக்கு மட்டுந்தான் கேக்குது" என்று கையை ஆட்டிச் சொன்னேன்.

அவர் இயர்போனைக் கழற்றிவிட்டு, "மெஷினப் பத்தி உனக்கு இன்னா தெரியும், சொம்மா இரும்மா" என்றார். அதற்குப் பிறகு எனக்கென்ன வந்தது, சும்மா இருந்தேன். ஜெயப்பிரகாஷ் பெட்டிக்குள் பழைய பாட்டுகளைக் கொட்டி நிரப்பி, ஒரு மெமரி கார்டும் சொருகிக் கொடுத்தார். ஒரு நாள் முழுக்கப் பாடினாலும் சார்ஜ் நிற்கும் என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் காலையில் மாமா கொல்லை நடுவே ஒரு குச்சியை நட்டு, பிளேயரை அதில் கட்டித் தொங்கவிட்டுப் பாட்டைப் போட்டார். இயர்போன் வயர் காற்றில் ஆடியது. மயில்கள் வந்தன. ஒரு மயில் அந்த வயரை மண்புழு என்று நினைத்துக் கொத்திப் பார்த்துவிட்டுக் கதிருக்குப் போயிற்று.

பழனி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "ஏங்க, மயிலு காதுல யாருங்க மாட்றது?" என்று கேட்டார். அன்றோடு பழனியின் வேலை போயிற்று.

மாமா மறுபடியும் கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கி வந்தார். தான் செய்தது தப்பு என்று சொல்லவில்லை, "பெருசா ஒன்னு குடுய்யா" என்று மட்டும் கேட்டாராம். சின்னதில் பேசிப் பதிந்து, அதன் கார்டைக் கழற்றிப் பெரியதில் சொருகினால், அது திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டே இருக்கும். இனி வேண்டியது மாமாவின் கோபம் மட்டும்தான். ஊரிலேயே அது தாராளமாகக் கிடைக்கிற ஒரே இடம் அவர்தான்.

அன்றைக்கென்று அது வரவில்லை. நான் மதில் ஓரம் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மாமா வாசலில் நின்று தொண்டையைச் செருமி, பிளேயரை வாய்க்கு நேரே பிடித்து, "பயிரை நாசம் செய்யும் மயில்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்" என்று ஆரம்பித்தார். கிராம சபைக் கூட்டம் கெட்டது போங்கள். அதை அழித்துவிட்டு "ஓய், போ, ஓய்" என்று பார்த்தார். கன்றுக்குட்டியைத் தண்ணீர் குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எதிரே ஆள் இல்லாமல் அவருக்குக் கோபம் வரவில்லை.

"அமிர்தம், இங்க வந்து நில்லு" என்று கூப்பிட்டார்.

அக்கா மாவுக் கையோடு வந்து எதிரே நின்றாள். மாமா பட்டனை அமுக்கிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"இன்னாங்க?" என்றாள் அக்கா.

அது போதும். "இன்னாங்கவா? இன்னா இன்னாங்க? எத்தினி தபா சொல்றது உனுக்கு? கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது? சோத்துல உப்பு போட்டமா இல்லியான்னு கூடவா தெரியாது? உங்க அப்பன் வூட்ல இன்னாத்தக் கத்துக் குட்த்தான்? தண்டச் சோறு தின்னுக்கினு நிக்கறியே, போ, போய்த் தொல, போ" என்று மழை மாதிரி கொட்டினார். முடித்துவிட்டுப் பட்டனை அமுக்கி இயர்போனைக் காதில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "இன்னிக்கு இன்னாங்க தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள்.

"ஒன்னுமில்ல. மயிலுக்கு. நீ போய் வேலையப் பாரு."

அக்கா உள்ளே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து ஸ்பீக்கர் பெட்டி மாமாவின் குரலில் கொல்லையில் கத்த ஆரம்பித்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், மயில்கள் பறந்தன. மாமா டீக்கடையில் இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் போட்டு உட்கார்ந்து, தன் குரலுக்கு மலையே நடுங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன பிளேயர் இயர்போனோடு அடுக்களைப் பரணுக்குப் போயிற்று.

கொல்லைக்குப் பக்கத்தில்தான் கரியாலூர் போகும் ரோடு. அருவி பார்க்கப் போகிறவர்கள் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி, யார் யாரை இப்படித் திட்டுகிறார்கள் என்று தேடினார்கள். எங்கள் கொல்லையில் களை எடுத்த பெண்களுக்கு இரண்டே நாளில் முழுசும் மனப்பாடம். ஒருத்தி "சோத்துல உப்பு" என்றால் இன்னொருத்தி "உங்க அப்பன் வூட்ல" என்று முடிப்பாள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பெட்டியைச் சார்ஜ் போட எடுத்துப் போகவும் திரும்பக் கொண்டுவந்து வைக்கவும் அக்காதான் தினமும் வருவாள். அவளைக் கண்டதும் சிரிப்பு நிற்கும். அது இன்னும் கேவலம். நாலு சுவருக்குள் வாங்கிக்கொண்டிருந்ததை இப்போது ரோட்டில் வைத்து வாங்குகிறாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் மாமாவிடம் கேட்டது மதிலைத் தாண்டி எனக்கும் கேட்டது. என் காதுக்குத் தெரிந்து அவள் வாழ்க்கையில் தனக்கென்று கேட்ட முதல் காரியம்.

"மத்ததெல்லாம் இருந்துட்டுப் போவுதுங்க. உங்க அப்பன் வூட்லன்னு வர்ற எடத்த மட்டும் எடுத்துடுங்க. அவரு செத்துப் போன மனுஷன். ரோட்ல போறவங்கல்லாம் கேக்கறாங்க."

"அந்த எடத்துலதான்டி மயிலு ஜாஸ்தி பறக்குது" என்றார் மாமா.

தட்டைக் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆனால் மயிலுக்கு என்ன மரியாதை தெரியும்? கொஞ்ச நாளிலேயே பறப்பது நின்றது. பெட்டி கத்த ஆரம்பித்தால் தலையைத் தூக்கிப் பார்த்தன. அப்புறம் அதுவும் நின்றது. மாமா டீக்கடையில் இருந்ததால் இந்தச் சேதி அவருக்குப் போய்ச் சேரவில்லை. சொல்ல எனக்கும் அவசரமில்லை.

ஒரு சாயங்காலம் பெட்டியை எடுக்க அக்கா வந்தாள். நான் வரப்பில் நின்றிருந்தேன். பெட்டி முழுச் சத்தத்தில் கத்திக்கொண்டிருக்க, அதன் தலைமேலேயே ஒரு பெண்மயில் ஏறி நின்று இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. "கண்ணு இன்னா பொடனிலயா" என்றது பெட்டி. மயில் கழுத்தைச் சொறிந்தது. "உங்க அப்பன் வூட்ல" என்றபோது கீழே இறங்கி ஒரு கதிரை உரித்துத் தின்ன ஆரம்பித்தது. "போய்த் தொல" என்று பெட்டி அலறியது. அது அடுத்த கதிருக்குப் போயிற்று.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். திடீரென்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"பாத்தியா விஜயா" என்றாள். "பறவைக்கு எவ்ளோ சீக்கிரம் புரிஞ்சிபோச்சி. நான்தான் இத்தினி வருஷமா பறந்துக்கினு இருக்கேன்."

பெட்டியை அணைத்தாள். தினமும் கையாண்டு பழகியதால் கார்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நகத்தால் அமுக்கி வெளியே எடுத்து, சேலை முந்தியில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பெட்டி சும்மா கிடந்தது. பாதிக் கொல்லை காலி என்று யாரோ டீக்கடையில் சொல்ல, மாமா ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் வீட்டுக்கு வந்தார். தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்றது.

"பொட்டி ஏன்டி கத்தல? கார்டு எங்க?"

அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து நிதானமாகச் சொன்னாள்: "மயிலு ஒன்னும் பறக்கலீங்க. அப்புறம் எதுக்கு எங்கப்பாவ ரோட்டோரம் வெயில்ல நிக்க வெக்கறதுன்னு வூட்டுக்கு இட்டாந்துட்டேன்."

மாமா தன் ஆயுளிலேயே பெரிய கத்தலை எடுத்தார். அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். பக்கத்தில் துணி மூடிக் கிடந்த சின்ன பிளேயரை எடுத்தாள். பரணிலிருந்து எப்போது இறக்கினாளோ, சார்ஜ் எப்போது போட்டாளோ. இயர்போனை இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று சொருகிப் பட்டனை அமுக்கிவிட்டு மறுபடி முறத்தை எடுத்தாள். மாமாவின் வாய் திறந்து திறந்து மூடியது. அக்காவின் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. தெருவில் முதலில் சிரித்தது நான்தான்.

மறுநாள் காலையில் அவர் கொல்லைக்கு நேரில் போய் நின்று கத்திப் பார்த்தார். மயில்கள் நிமிர்ந்து பார்த்தன. அதே பழைய பெட்டிதான், இன்றைக்கு வேட்டி கட்டியிருக்கிறது என்று நினைத்திருக்கும். தின்னப் போய்விட்டன. மத்தியானத்துக்குள் மாமாவின் தொண்டை கட்டிவிட்டது. பழனியைக் கூப்பிட ஆள் அனுப்பினார். பழனி உடனே வரவில்லை, இரண்டு தடவை சொல்லி அனுப்ப வைத்துத் தகரத்தோடு வந்தார். தகரத்துக்கு மயில்கள் பறந்தன.

"சார்ஜ் ஒரு நாள் பூரா நிக்குதுடி விஜயா" என்று அக்கா என்னிடம் சொன்னாள். "கடக்காரரு பொய் சொல்லல. அவுருக்குத்தான் அர நாளுகூட நிக்கல."

போன வாரம் உறை மோர் வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா காதில் வயரோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமா வெளியிலிருந்து வந்து, அவள் எதிரே போய் நின்று, "அமிர்தம், கொஞ்சம் சோறு போடறியா" என்றார். இவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அக்கா தலை நிமிராமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். பாட்டு முடியட்டும் என்று அர்த்தம்.

மாமா தூணில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாட்டு நீளமான பாட்டு போலிருக்கிறது, நான் மோர் வாங்கிக்கொண்டு கிளம்பும்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார்.