வீதிக்கென்று விட்ட எட்டடி

அன்றைக்கு என் உம்மா சம்மதித்தாரா, இல்லையா? எட்டு வருடமாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. உம்மாவிடம் நேரே கேட்க எத்தனையோ நாட்கள் கிடைத்தன. நான் கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை. எங்கள் வீட்டின் முன் மண்டபத்தை இடிக்க அலவாங்குகளோடு ஐந்து பேர் வந்து நின்ற காலையில், உம்மா பெரிய கேத்தலில் தேத்தண்ணீர் ஊற்றி, ஐந்து கோப்பைகளைக் கழுவித் தட்டத்தில் அடுக்கி, "வாப்பாக்கிட்டக் குடு, ஆறுறதுக்குள்ள" என்று என்னிடம் தந்தார். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னகா இது, உன்ட ஊட்ட இடிக்க வந்தவனுக்குத் தேத்தண்ணியா?" உம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இடிக்க வந்தா அவனுக்குத் தண்ணி விடாய்க்காதா?" அவ்வளவுதான். 

கல்முனைக்குப் பக்கத்தில் உள்ள கரையோர ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம், யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் கடைத்தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு மாட்டு வண்டிகள் வந்தால் ஒன்று பின்னுக்குப் போக வேண்டும். மாரி பிறந்தால் சந்தைச் சதுக்கத்திலிருந்து பள்ளிவாசல் வரை தண்ணீர் நிற்கும். மீன் செதிலும் வாழைச் சருகும் மாட்டுச் சாணமும் மிதக்கும் அந்தத் தண்ணீரில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஆகவே தெருவை ஒரு பக்கம் எட்டடி கூட்டி அகலமாக்கி, மழைத்தண்ணீர் ஓடச் சீமெந்துக் கான் கட்டி, தெருமுனையில் புதிய சந்தைக் கட்டடமும் எழுப்பப் போகிறார்கள் என்று கேட்டபோது ஊரே மகிழ்ந்தது. தோரணம் கட்டினார்கள். கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர் கல் நட்டுப் பேசினார். வேலையை மேற்பார்க்க வந்த ஓவசியர் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் அந்தக் கோடு முன் மண்டபத்தின் உட்சுவரில் விழுந்தது; மண்டபம் முழுவதும் தெருவுக்குப் போகும்.

வாப்பா அப்போது சபையில் எங்கள் வட்டாரத்து அங்கத்தவர். யார் முதலில் உடைப்பது என்று ஊர் முழுவதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வாப்பா எழுந்து நின்று, "முதல்ல எண்ட ஊட்ட உடைங்க. அல்லாஹ்வுக்காக நிய்யத்து வெச்சிட்டன்" என்று சொல்லிவிட்டார். பள்ளிவாசலில் இருந்தவர்கள் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொன்னார்களாம். வாப்பாவின் முகத்தில் அன்று இருந்த ஒளியை அதற்குப் பிறகு நான் கண்டதில்லை.

பிழை எங்கே என்று எங்கள் பக்கத்தார் உடனே கண்டுகொள்வார்கள். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. தாய் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துக் கலியாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார். ஆகவே வாப்பா கொடுப்பதாக நிய்யத்து வைத்தது உம்மாவின் வீட்டை. அசர் தொழுகை நேரத்துக்குள் கடைத்தெருவில் கதை கட்டிவிட்டார்கள்: "வந்த மாப்பிள்ள ஊட்டத் தூக்கி றோட்டுக்குக் குடுத்துட்டுப் போறார், பொண்டாட்டிய எப்ப குடுப்பாரோ!" வாப்பாவை நோக வைக்கச் சொன்னதல்ல அது, எங்கள் ஊரில் யாரையும் விடமாட்டார்கள். ஆனால் உம்மாவின் காதுக்கும் அது வந்தது.

மாலையில் வாப்பா என்னைக் கூப்பிட்டுச் சபைக்குக் கடிதம் எழுதச் சொன்னார். வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான், பதினாலு வயது. பெட்டிக்குள் இருந்த வீட்டு உறுதிப் பத்திரத்தை நான் வாசித்திருந்தேன். அதில் உம்மாவின் பெயர் மட்டுமே இருப்பது எனக்குத் தெரியும். உம்மா ஆறடி தூரத்தில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகின் சத்தம் நிற்கவில்லை. வாப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "உம்மாவும் ஒப்பம் வைக்க வேணுமே வாப்பா" என்று சொல்ல ஒரு வரி போதும். நான் சொல்லவில்லை. எழுத்து அழகாக வர வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கு முக்கியமாகப்பட்டது. "மனப்பூர்வமாகத் தருகிறோம்" என்று எழுதினேன். யாருடைய மனம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஓவசியர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "ஆர் எழுதினது? நல்ல எழுத்து" என்றாராம். பல நாட்கள் அந்தப் பாராட்டை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மண்டபம் ஒரு நாளில் போனது. தெருவின் வடக்கு முனையிலிருந்து கான் வரத் தொடங்கியது. அந்தப் பக்கம் பெரும்பாலும் வெறும் வளவுகள். உடைக்க ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டு எல்லை வரை வந்தது. அடுத்தது வேலிக்கு அப்பால், அந்த மாமியின் கணவரான பக்கத்து வீட்டு மாமாவின் வீடு. "நீங்க முதல்ல உடைங்க காக்கா, நான் பின்னால வாறன்" என்று வாப்பாவிடம் சொன்னவர் அவர். ஆட்கள் வந்தபோது வாசலில் குறுக்கே நின்று அழுதார். "காக்கா, எனக்கு மூணு குமர் இரிக்கி. ஆளுக்கொரு ஊடு குடுக்கணும். இரிக்கிற ஊட்டயும் பாதியாக்கினா மூத்தவள ஆர் முடிப்பான்?"  பொய் சொல்கிறார் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. எல்லோருக்கும் வீட்டில் பெண்கள் இருந்தார்கள்.

வேலை நின்றது. ஓவசியருக்கு மாற்றம் வந்தது. புதியவர் வந்து தெருவைப் பார்த்துவிட்டுப் போனார். கொட்டிக் கிடந்த கருங்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஊரின் பல வீடுகளில் கிணற்றடிப் படியாக மாறியது. சந்தைக் கட்டடத்துக்கு வெட்டிய அத்திவாரத்தில் எருக்கு முளைத்தது, ஆடுகள் படுக்கின்றன. வாப்பா சொல்லச் சொல்ல நான் கடிதங்கள் எழுதினேன். கவனிக்கப்படுகிறது என்று பதில் வரும். கடைத்தெருவில் நாலு பேர் கூடினால் சபையைத் திட்டுவார்கள், பிறகு மாமாவைத் திட்டுவார்கள், மாமா வந்ததும் வாப்பாவைத் திட்டுவார்கள். கடலுக்குப் போக வேண்டிய கான் எங்கள் வாசலில் முடிந்துவிட்டதால், வடக்குத் தெருவின் தண்ணீர் முழுவதும் எங்கள் முன்னால் வந்து நின்றது. இன்றும் நிற்கிறது.

அதற்குப் பிறகு உம்மா முன்வாசலால் போகவில்லை. கலியாண வீட்டுக்கும் மௌத்து வீட்டுக்கும் பக்கத்து ஒழுங்கையால்தான் போவார். அதுதான் அவருடைய பதில், அவர் ஒருபோதும் சம்மதிக்கவில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். பிறகு ஒரு நாள், வாப்பா படுக்கையில் விழுந்திருந்த காலம், மாமா அந்த எட்டடிக்குள் வேலி போட இரண்டு கம்பு நட்டார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வருடக்கணக்காக மிதிக்காத அந்த முன்வாசலால் இறங்கிப் போய்க் கம்பைப் பிடுங்கி எறிந்தார். "இது றோட்டுக்குக் குடுத்த நிலம். எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல" என்று தெருவே கேட்கக் கத்தினார். உள்ளே படுக்கையில் வாப்பாவின் கண்கள் நிரம்பியதை நான் பார்த்தேன். ஆக, உம்மா கொடுத்துத்தான் இருந்தாரா? அல்லது வாப்பா மௌத்தாகுமுன் ஒரு தடவையாவது அவருடைய சொல் தெருவில் நிமிர்ந்து நிற்கட்டும் என்று நினைத்தாரா? அன்று இரவு சோறு போடும்போதும் உம்மாவின் முகத்தில் நான் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பாதி வீட்டை எனக்குத் தந்துதான் கலியாணம் முடித்தார்கள். வாப்பாவும் உம்மாவும் பின்னால் சின்ன அறைக்குப் போனார்கள். ஒருவர் பின் ஒருவராக அங்கிருந்தே போய்விட்டார்கள். இன்று இந்த வீட்டில் நானும் என் கணவரும் மூன்று வயது மகளும் இருக்கிறோம். நாளை வீடு அவளுடையது. நான் இடையில் பார்த்துக்கொள்பவள் மட்டுமே.

இந்த மாரியில் அவள் கானுக்குள் விழுந்தாள். நான் குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். கதவைத் தாழ் போட்டேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்; போட்டிருந்தால் அவள் எப்படிப் போனாள்? சத்தம் கேட்டு ஓடியபோது மாமா இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்று அவளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.  "கட்டு மகள்" என்றார். "கானத் தூர்த்து மதிலக் கட்டு. றோடு வராது. நான்தான் வரவிடாம ஆக்கினன், நானே சொல்றன், கட்டு." பிள்ளைக்கு ஒன்பது நாள் காய்ச்சல் இருந்தது. பலகை போட்டு மூடிப் பார்த்தோம். மூன்றாம் நாள் பலகையைக் காணோம்.

கணவரிடம் கேட்டேன். "இது உங்கட ஊடு. நான் வந்த மனிசன். உங்கட வாப்பா செஞ்ச பிழைய நானும் செய்ய ஏலா" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருடைய பக்கம் நியாயம் இருப்பதால் என்னால் கோபிக்கவும் முடியவில்லை. பள்ளிவாசல் லெவ்வையிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். உடையவர் மனம் பொருந்திக் கொடுத்திருந்தால் அதைத் திரும்ப எடுக்க முடியாது, பொருந்தாவிட்டால் அது கொடுத்ததே ஆகாது, அதை உன் உம்மாவிடம்தான் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது.

மேசனை இரண்டு முறை வரச்சொல்லி, இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டேன். நான் மதில் கட்டினால் மற்றவர்களும் தங்கள் மதிலைத் தெருப்பக்கம் இழுப்பார்கள். பிறகு ஒரு காலத்தில் யாராவது மனம் வைத்தாலும் இந்தத் தெரு அகலாது. கானைத் தூர்த்தால் தண்ணீர் வடக்கு வீட்டு வாசலில் போய் நிற்கும். அங்கே தவழும் பிள்ளை ஒன்று இருக்கிறது. கட்டாமல் விட்டால் என் பிள்ளை. இதில் நான் பொதுநலம் பார்க்கிறேனா, வாப்பாவின் சொல்லைக் காக்கிறேனா, அல்லது அன்று கடிதம் எழுதிய கைக்குப் பயப்படுகிறேனா என்பதுகூட எனக்குப் பிடிபடவில்லை.

இதை வாசிக்கும் தாய்மாரே, பெரியவர்களே, உங்கள் ஊர்களிலும் இப்படி நடுவழியில் நின்றுபோன வேலைகள் இருக்கும். இடிக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்த ஒருத்தியை, முன்வாசலை வெறுத்த ஒருத்தியை, பிறகு அதே வாசலால் இறங்கிப்போய்க் கம்பைப் பிடுங்கிய ஒருத்தியை நீங்கள் எப்படி விளங்கிக்கொள்வீர்கள்? அவர் உங்கள் தாயாக இருந்தால் அந்த எட்டடியை என்ன செய்வீர்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். மேசன் மூன்றாம் முறை கேட்டு அனுப்பியிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வாசற்படியில் அமர்ந்து, பிள்ளையின் சட்டை நுனியைப் பிடித்தபடி இதை எழுதுகிறேன்.