அருவிக்கரையில் ஒரு பாடத்திட்டக் கூட்டம்

ஒரு கல்லூரியின் தகவல் தொழில்நுட்பப் பாடத்திட்டக் குழுவில், பத்திரிகைக்காரனான நான் வெளி உறுப்பினர். சாரல் காலம் என்பதால் கூட்டத்தைக் குற்றாலத்து விடுதியில் வைத்தார்கள். கடையநல்லூர் ஆசிரியை ஒருவர் ஆறு மாதம் உழைத்துப் புதிய பாடத்திட்டம் எழுதி வந்திருந்தார். அவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பும்போதே குழுத் தலைவர் தலையில் எண்ணெய் தேய்க்கத் தொடங்கினார்.

“ஐந்தருவில தண்ணி நல்லா விழுதும்மா. இத அடுத்த தடவ பாத்துக்கிடுவோம்.”

“அடுத்த தடவன்னா மூணு வருஷம் சார். அதுவரைக்கும் பிள்ளைங்க அந்தக் காலத்துப் பிளாப்பி டிஸ்க்கயேவா படிக்கும்?” என்றார் ஆசிரியை.

“நாமளும் அதப் படிச்சுதான வந்தோம்?”

குளித்துவிட்டு வந்து, பழைய பாடத்திட்டத்தில் ஆண்டை மட்டும் மாற்றிக் கையெழுத்திட்டார்கள். ஆசிரியை மறுத்தார். அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதினார்கள். ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, அந்தப் பொய்க்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.