துணி காயும் நேரம்

ஞாயிறு பாசாரில் ஆர்க்கிட் விற்கும் அந்த மனிதருக்கு வியாபாரமே தெரியாது. நகமெல்லாம் தொட்டியில் மண்ணுக்குப் பதில் போடும் கரித்தூள். எந்தச் செடியைக் கேட்டாலும் தொட்டியிலிருந்து உருவி, பூவை விட்டுவிட்டு வேரைக் காட்டுவார்.

ஜார்ஜ்டவுனில் பதினோராம் மாடிக்குக் குடிவந்த புதிதில், ஊதாப் பூ குலுங்கிய ஒன்றைக் கேட்டேன்.

“உங்க பால்கனியில துணி காய எவ்வளவு நேரமாகும்க்கா?”

“கீழ டோபி கடை மெஷின்லதான் லா காயுது. செடிக்கும் துணிக்கும் என்ன?”

“ஒரு துண்டைக் காயப் போட்டுப் பாத்துட்டு வாங்க.”

விற்காமலே அனுப்பிவிட்டார்! அடுத்த வாரம், “சாயங்காலம் வரைக்கும் ஈரம் போகல” என்றேன்.

“அப்ப வெயில் பத்தாது. ஊதா உங்க வீட்டுல பூக்காது.” மொட்டுகூட இல்லாத வேறொரு செடியைக் கையில் திணித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி வந்தேன்.

எட்டு மாதமாகியும் அது பூக்கவில்லை. திட்டித் தீர்க்கவே போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவர் கேட்டார்: “புது வேர் விட்டுச்சாக்கா?”

திட்டப் போன வாய் “மூணு!” என்று ஏன் அத்தனை பெருமையாகச் சொன்னதோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.