பூக்கட்டிப் பார்த்து எடுத்த பெர்மிட்

ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு விருந்தாளிகளின் முகம் தெரியாது. யார் யார் கட்டிலில் இருந்து கோப்பி குடிக்கிறவர்கள் என்பது மட்டும் வடிவாகத் தெரியும். என்னைப் போல நீங்களும் நீராவிக்குள் நின்று, கை விரிப்பை மடிக்க மனம் விசாவை யோசிக்கிற ஆள் என்றால், இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

மூலைக்கு மூலை

சுவிஸில் துன் வாவிக்கரையில் எங்கள் ஹோட்டல். எனக்குச் சோடி இத்தாலிக்காரி றோசா. பெரிய விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று பிடித்து, உதறி, இழுத்து, மூலைக்கு மூலை சேர்க்க வேண்டும். சேலை மடித்த கைக்கு அது பெரிய வேலை இல்லை. கதைதான் வராது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தமிழிலேயே ஆட்களோடு கதைக்கக் கூச்சம், ஜேர்மனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வந்த புதிதில் வாய் திறக்காமலே மடித்துக்கொண்டிருந்தேன். றோசா அதை எல்லோரிடமும் புழுகித் திரிந்தாள்: "இவளோட வேலை செய்யிறது சுகம். என்ர புருசனைப் பற்றி நான் என்ன சொன்னாலும் மறுத்துக் கதைக்கமாட்டாள்."

தலையாட்டம்

ஒருநாள் முதலாளி கீழே இறங்கி வந்தார். அப்போது எனக்கும் என் மனுசன் இவருக்கும் அசூல் வழக்குத்தான், அகதித் தஞ்சம் கேட்டுப் போட்டது. இவருடையது ஒருமுறை மறுக்கப்பட்டு மேல்முறையீட்டில் கிடந்தது. என்னுடையதற்குப் பதிலே இல்லை. வேலை செய்யலாம், ஆனால் எப்போது திருப்பி அனுப்புவார்களோ தெரியாது. முதலாளி சொன்னது இதுதான். ஹோட்டல் மூலம் எனக்கு வருச பெர்மிட் கேட்டு எழுதுவார். அதைப் புதுப்பித்துக்கொண்டே போனால் ஒரு காலத்தில் நிரந்தர பெர்மிட்டும் வரும். ஆனால் நான் அசூல் வழக்கை விடவேண்டும். விட்ட பிறகு பெர்மிட் கிடைக்காவிட்டால் கையில் ஒன்றும் இல்லை.

"விருப்பமா?" என்று கேட்டார். விருப்பம்தான், ஆனால் வீட்டில் கேட்கவேண்டும் என்ற கருத்தில் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துத் திரும்பி நடந்தார். றோசா ஓடிப்போய்ப் படியில் மறித்தாள்: "முதலாளி, இவள் வேண்டாமெண்டால் தலை ஆட்டமாட்டாள், சிரிப்பாள்."

ஞாயிற்றுக்கிழமை ஆலோசனை

டீட்டிகோனில் இருந்து செல்லத்துரை அண்ணை ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வருவார். எங்களுக்கு முந்தி இந்த நாட்டுக்கு வந்தவர் என்பதால் அவர்தான் எங்கள் சட்டத்தரணி. சோற்றுக்கு முதல், "வழக்கை விட்டிடாதேங்கோ. முதலாளி கோபிச்சால் பெர்மிட்டும் போச்சு" என்றார். சோற்றுக்குப் பிறகு, "வலிய வாறதை விடுறதும் மோட்டு வேலை" என்றார்.

இவருக்கோ வேறு கவலை. "நான் ஜேர்மன் படிச்சு நாலு பேரோட கதைக்கிறன். எனக்குக் கேக்காமல் கதையாத உமக்குப் பெர்மிட் கேக்கிறாங்களே" என்று மீன்குழம்பைப் பார்த்துச் சொன்னார். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு, "முடிவு உங்கட கையில தங்கச்சி. பிழைச்சால் மட்டும் நான் சொன்னனான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

இரண்டு சரை

மனிதர் சொல்லாவிட்டால் பிள்ளையாரைத்தான் கேட்கவேண்டும். கோயில் ஏது? குளிர்சாதனப்பெட்டிக்கு மேல் ஒரு படம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் வாடிய பூக்கள் மேசைவிரிப்போடு எங்கள் கூடத்துக்கு வந்து விழும். அதில் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு எடுத்து வந்து, ஒரே மாதிரிக் கடதாசியில் இரண்டு சரையாகச் சுற்றினேன். வெள்ளை வந்தால் ஹோட்டல், சிவப்பு வந்தால் வழக்கு. இவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். அப்போதுதான் நடக்கப் பழகின எங்கள் மகளை இடுப்பில் இருந்து இறக்கிவிட்டு, "ஒண்டு எடுங்கோ அம்மா" என்றோம்.

அவள் இரண்டு கையாலும் இரண்டையும் எடுத்துவிட்டாள். பறிக்கப் போனால் அழுகை. "பிள்ளைக்கு விளங்கேல்லை, இன்னொருக்காப் பாப்பம்" என்று இவர் திருப்பி வைத்தார். திருப்பியும் இரண்டு. மூன்றாம்தரம் வைக்க முதல் சிவப்புப் பூவில் பாதி வாய்க்குள் போய்விட்டது.

அடுத்தநாள் விரிப்பு மடிக்கும்போது, இருந்த ஜேர்மனையும் கையையும் வைத்து றோசாவுக்கு இதைச் சொன்னேன். அவள் விரிப்பைக் கீழே விட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "பிள்ளை சரியாத்தானே சொல்லியிருக்கு. நீங்கள் ரெண்டு பேர். ஆளுக்கொண்டு எடுங்கோ."

வாயால் சொல்வது

அப்படிச் செய்யலாமோ என்று அகதிகளுக்கு உதவும் நிலையத்தில் விசாரித்தோம். நான் இவருக்குப் பிறகு தனியாக வந்தபடியால் என் கோப்பு வேறு, இவர் கோப்பு வேறு. செய்யலாம் என்றார்கள். இவர் வழக்கிலேயே நிற்க, நான் வழக்கை விட்டு ஹோட்டல் வழியில் போவதாக முடிவு.

பெர்மிட் கொடுக்கிற வெளிநாட்டவர் பொலிசில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், "சொந்த விருப்பத்தோடுதான் விடுகிறீர்களா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். "வாயால் சொல்லுங்கள்" என்றாள். மகள் என் இடுப்பில் இருந்து தாலிக்கொடியைச் சப்பிக்கொண்டிருந்தாள். இவளையும் கொண்டு நாளைக்கு எங்கே போவேன் என்ற பயத்திலோ என்னவோ, ஓம் என்பதற்கு ஜேர்மனில் நான் "யா" என்றது வரிசையில் கடைசியாக நின்றவருக்கும் கேட்டது. வெளியே வந்த பிறகு இவர் மெல்லச் சொன்னார்: "உமக்கு இவ்வளவு குரல் இருக்கெண்டு எனக்குத் தெரியாது. வீட்டில இப்பிடிக் கத்திப்போடாதையும்."

மனைவியோடு வசிக்க

முதலில் வந்தது இவருடைய பதில். மேல்முறையீடும் சரிவரவில்லை. அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. மகளுக்கு மட்டும் பாண் தோய்த்துக் கொடுத்தேன். இவர் கதைக்கவே இல்லை. அந்த வீட்டில் கதைக்காமல் இருக்கிறது என் வேலை, அதையும் எடுத்துக்கொண்டார்.

இவர் நாட்டைவிட்டுப் போகவேண்டிய தவணைக்குச் சற்று முன்னால் என் பெர்மிட் வந்தது. அதை வைத்து இவருக்கும் மகளுக்கும் கேட்டு எழுதினோம். பிறகும் காத்திருந்துதான் கிடைத்தது. இவருடைய பெர்மிட்டில், நாட்டில் இருப்பதற்கான காரணம் என்ற இடத்தில், மனைவியோடு வசிக்க என்று அடித்திருந்தது. செல்லத்துரை அண்ணை அதை வாங்கி இரண்டுதரம் வாசித்தார். "தம்பி, குழம்புக்கு உப்பில்லையெண்டாலும் இனிச் சத்தம் போடாமல் சாப்பிடும். பொலிசில எழுதிக் குடுத்திருக்கு."

நிரந்தர பெர்மிட்டுக்கு இன்னும் எத்தனையோ வருசம் கிடக்கிறது. அதுவரைக்கும் இவர் என்னோடு கோபிக்க முடியாது, நான் முதலாளியோடு கோபிக்க முடியாது, எங்கள் வீட்டில் நினைத்தபடி கோபிக்கிற உரிமை அந்தச் சிவப்புப் பூவைத் தின்றவளுக்கு மட்டும்தான்.