மன்னூபியாவின் மரப்பெட்டை

என் அண்ணி மன்னூபியா கத்தியை எடுத்தால் ஒலிவக் கட்டை கணவாய் மீனாகிவிடும். பார்த்தால் எனக்கே வயிறு எரியும். சிப்பித் துண்டைக் கண்ணாகப் பதித்து, கணவாய் மையைத் தேய்த்து நிழலில் உலர்த்துவாள். வசந்தத்தில் அந்த மரப்பெட்டையைக் கயிற்றில் கட்டிப் படகின் பின்னால் இழுத்தால், ஆண் கணவாய்கள் நிஜப் பெட்டையென்று ஓடி வந்து கட்டிக்கொள்ளும். வலையால் அள்ள வேண்டியதுதான். கெர்க்கென்னாத் தீவில் என் அண்ணன் பெல்காசெம் அளவுக்கு யாரும் அள்ளியதில்லை.

பக்கத்துப் படகுக்கார ஷெத்லி ஒருநாள் வந்தான். "அக்கா, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க. உங்க கைராசி என் படகுக்கும் வரட்டும்."

அவன் போனதும் அண்ணன் வெடித்தான். "அவன் படகுல உன் கைவேலை எதுக்கு?"

"கட்டைக்குமா பொறாமைப்படுவீங்க?"

பாடிக்கொண்டே செதுக்கினாள். "எனக்குச் செய்யும்போது இவ பாடினதே இல்ல" என்று அண்ணன் என்னிடம் வந்து புலம்பினான்.

அண்ணி கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னபோது புதியதைத் தன் படகில் ஒளித்துவைத்து, தன்னிடமிருந்த கறுத்துப்போன பழையதை ஷெத்லிக்குக் கொடுத்தான். என்னிடம் சொல்லிச் சிரிப்பு வேறு. பொறாமை பிடித்தவனுக்குப் புத்தி ஏது!

அண்ணன் கட்டி இழுத்த புதியது இன்னும் தண்ணீர் குடிக்காத கட்டை, மேலேயே மிதந்தது. பழையதோ ஊறி ஊறிக் கனத்தது; கணவாய்கள் கிடக்கும் கடற்புல்லை ஒட்டியே நீந்தியது. ஷெத்லியின் கூடை நிறைந்தது, அண்ணன் வெறுங்கையோடு வந்தான்.

நன்றி சொல்ல ஷெத்லி கூடை நிறையக் கணவாயோடு வீட்டுக்கே வந்துவிட்டான். "புதுசையே பழசு மாதிரி செஞ்சிருக்கீங்களே, அக்கா!"

அவன் நீட்டிய மரப்பெட்டையை அண்ணி வாங்கிப் புரட்டினாள். அண்ணன் கணவாயையே கண்டிராதவன்போலக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கல்யாணமான வருஷம் இவருக்குன்னு செஞ்சது இது. நான் செஞ்ச முதல் கட்டை."

ஷெத்லி பதறினான். "ஐயோ, தெரியாதுக்கா. நீங்களே வச்சுக்குங்க."

"வேணாம் தம்பி. வச்சிருந்தவரே குடுத்துட்டாரு. எடுத்துட்டுப் போ."

அவன் போனதும் அண்ணன், "மன்னூபியா, நான் வந்து..." என்று இழுத்தான்.

"என் கைவேலை வேற யாருக்கும் போயிடக்கூடாதுன்னு நினைச்சு, உங்களுக்குன்னு இருந்ததையே தூக்கிக் குடுத்துட்டீங்க." அவன் படகிலிருந்த புதியதை எடுத்துவந்து ரொட்டி அடுப்பில் போட்டாள். கத்தியை அவன் கையில் வைத்தாள். "இனிமே நீங்களே செதுக்கிக்குங்க."

செதுக்குகிறான். அதை இழுத்துப்போனால் ஒரு கணவாயும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாலையில் ஷெத்லியின் படகு கரைக்கு வந்தால், தன் மரப்பெட்டை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அண்ணி எழுந்து போகிறாள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.