வால்யூம் குமிழ்

கிளியனூரில் பழைய ஜப்பான் ஸ்டீரியோ ரிசீவர் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு வாங்கப் போனேன். வைத்திருந்தவர் ஒடிசலான மனிதர். காதை உள்ளறைப் பக்கம் சாய்த்து, வால்யூம் குமிழிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். நாதஸ்வரத்தில் சுவர் அதிர்ந்தது.

"இத்தனூண்டு வீட்டுக்கு எதுக்குங்க இவ்ளோ பவரு?" என்று கத்திக் கேட்டேன்.

"உள்ள வீட்டம்மாவுக்குக் கேன்சருங்க. வலியில கத்தறது தெருவுக்குக் கேக்கக்கூடாதுன்னு அவளே சொல்லிட்டா. புதுப் பெட்டிங்க எதுவும் ஈடு குடுக்கல. இத விக்க மாட்டேன்."

சொல்லிக்கொண்டே குமிழை இன்னும் திருப்பினார்.

மறு மாதம் அவரே போன் செய்து கூப்பிட்டார். வீடு அமைதியாக இருந்தது. ரிசீவரைத் துடைத்து வாசலில் வைத்திருந்தார்.

"எடுத்துக்கினு போங்க. இனிமே எதுக்கு?"

இப்போது திண்டிவனத்தில் என் வீட்டில் அது பாடுகிறது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்குத்தான் குறைக்கக் கை வரவில்லை.