கூரைக்கு ஈடாக நோன்புக் கஞ்சி

2008ஆம் வருஷத்துப் புயலில் ஐராவதி டெல்டா பக்கம் ஊர் ஊராக ஜனங்கள் செத்துப்போனார்கள். ரங்கூன் நடுவூரில் எங்களுக்குக் கூரை மட்டும்தான் போனது. அதைச் சொல்லிப் புலம்பவே கூச்சமாக இருந்தது. ஆனால் எங்களுடையது மேல்மாடி. படுக்கையில் படுத்தால் வானம் தெரிந்தது. தார்ப்பாயைக் கட்டி, சட்டி பானையெல்லாம் பரப்பி, மழைக்காலத்தைத் தள்ள ஆரம்பித்தோம்.

கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. தடித்த செங்கல் சுவர், தேக்குப் படிக்கட்டு, தெருவைப் பார்த்த வளைவு ஜன்னல்கள். தமிழ் முஸ்லிம் வியாபாரி ஒருவர் பள்ளிவாசலுக்கு எழுதிவைத்த வக்ஃபு சொத்து. நான் பிறந்தது அங்கேதான். நிக்காஹ் முடிந்தும் நான் எங்கும் போகவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கூரை போன கையோடு கான்ட்ராக்டர் ஒருவர் முளைத்தார். இடித்துவிட்டு எட்டு மாடி கட்டுவாராம். பாதி வீடுகள் பள்ளிவாசலுக்கு, பாதி அவருக்கு. குடியிருப்பவர்களுக்குக் கொஞ்சம் காசு கொடுத்து ஊருக்கு வெளியே லைங் தாயா பக்கம் அனுப்பிவிடுவாராம். லிஃப்ட் இல்லாத எட்டு மாடிக்காக என் வீட்டை இடிப்பதா? எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அந்த மனுஷர் அளக்கிற டேப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தபோது, என் வாய்க்குப் பயந்து பாதியிலேயே இறங்கிவிட்டார்.

திட்டித் தீர்த்தால் கூரை வந்துவிடுமா? குடியிருப்பவர்கள் கையில் காசு கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் கணக்காளராக இருக்கும் என் சாச்சி மகன், எனக்குத் தம்பி முறை, எங்களைப் பார்க்க வந்தான். தார்ப்பாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

"அங்கேயெல்லாம் இப்படிப் பழைய கட்டடத்தை முகம் மாறாமப் புதுப்பிச்சா, செலவுல ஒரு பங்கை வரியில கழிச்சுக்கலாம் லாத்தா" என்றான்.

"கழிக்கிற அளவுக்கு வரியே இல்லாதவங்க என்ன செய்வாங்க?"

"பெரிய வரி கட்டுற கம்பெனியைக் கூட்டுச் சேத்துக்குவாங்க. கம்பெனி காசு போடும், கழிவைக் கம்பெனி எடுத்துக்கும். கட்டடம் பிழைச்சிரும்."

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எங்கள் சர்க்கார் வரியில் கழிப்பதாவது! கேட்கப் போனால் கேட்டதற்கு ஒரு வரி போடுவார்கள். ஆனால் வாடகையில் கழிக்கலாமே! மாடியில் இருக்கும் எங்கள் வாடகை சொற்பம். கீழே ஹார்டுவேர் கடை கொடுப்பதுதான் பெரிய வாடகை. கடைக்காரர் கூரைக்குக் காசு போடட்டும், பள்ளிவாசல் அதைச் சில வருஷங்களுக்கு அவர் வாடகையில் கழித்துக்கொள்ளட்டும். அவர்தான் எங்கள் கம்பெனி! சாப்பிட்ட கையைக் கழுவினேனோ இல்லையோ, தடதடவென்று படியிறங்கி ஓடினேன்.

கடைக்காரர் மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவத் தமிழர். நான் மூச்சு வாங்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"மேல ஒழுகினா எனக்கென்னம்மா?"

"இடிச்சா உங்க கடையும்தானேண்ணே போகும்? எட்டு மாடி எழும்புற வரைக்கும் ஆணியை எங்கே வச்சு விப்பீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். காசு போடச் சம்மதித்து, தகரமும் மரமும் அவரே கொள்முதல் விலைக்குத் தருவதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே பள்ளிவாசல் கமிட்டிச் செயலாளர் வீட்டுக்கு ஓடினேன். உறவில் எனக்கு மாமா. நான் வெற்றிக்கொடி நாட்டாத குறையாகப் பேசி முடித்ததும் அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"அந்தக் கடை வாடகையிலதான் நோன்பு மாசம் பூரா கஞ்சி காச்சுறோம். வாடகையைக் கழிச்சுட்டா கஞ்சிக்கு எங்கே போறது புள்ள?"

இது அதுவரை என் மண்டையில் உறைக்கவே இல்லை. நோன்பு திறக்கிற நேரத்தில் பள்ளிவாசலில் கஞ்சிக்காக வந்து நிற்பவர்களில் பலருக்கு அன்றைய சாப்பாடே அதுதான். அவர்கள் வயிற்றில் அடித்து எனக்கு ஒரு கூரை வேண்டுமா? யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"நாங்க காச்சுறோம் மாமா. எங்க கட்டடமே காச்சும்."

அவர் சிரித்தார். "இந்த நோன்புக்குக் காச்சிக் காட்டு. ஒரு நாளும் தவறக் கூடாது. அதுக்கப்புறம் பேசலாம். அதுவரைக்கும் கான்ட்ராக்டருக்குப் பதில் சொல்லலை."

திரும்பி வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். முஸ்லிம் வீடுகள் எல்லாம் தயார். முதல் மாடியில் ஒரு பர்மிய அம்மா, பௌத்தர், நாங்கள் டோடோ என்று கூப்பிடுவோம். அவரும் விறகுக்கு நான் பொறுப்பு என்றார். அரிசி ஒரு வீட்டிலிருந்து, பாசிப்பருப்பு ஒரு வீட்டிலிருந்து வந்தது. கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஆட்டுக்கறி கொடுத்தார். பின்கட்டில் அடுப்பு மூட்டினோம். கல்யாண வீடு தோற்றது!

முதல் நாளே மண்ணைக் கவ்வினோம். நோன்பு வைத்திருக்கும் நாங்கள் யாரும் வாயில் வைத்து ருசி பார்க்கவில்லை. நான் உப்புப் போட்டேன். எனக்கு மச்சி முறையாகும் எதிர்வீட்டுக்காரி, போடவில்லை என்று நினைத்துப் போட்டாள். அவள் மாமியாரும் வந்து ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறார். பள்ளிவாசலில் ஒரு வாய் குடித்தவர்கள் எல்லாம் தண்ணீர்ப் பானைக்கு ஓடினார்கள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். சொல்லும்போது அந்த மனுஷருக்குச் சிரிப்பு வேறு. எனக்கு அழுகை முட்டியது. ஒரு பிடி உப்பில் வீடு போயிற்று என்றே நினைத்தேன்.

டோடோதான் இடுப்பில் கைவைத்துக் கேட்டார், பர்மியமும் தமிழும் கலந்து: "நான் நோம்பு இல்லியே! என்னை ஏன் கூப்டலே?"

மறுநாளிலிருந்து உப்பு டப்பா டோடோ கைக்குப் போனது. கரண்டியில் எடுத்து ஊதி, கண்ணை மூடி, நாக்கில் வைத்து, "யபீ!" என்பார். ஆயிற்று, சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு சொல் வந்த பிறகுதான் அண்டாவைத் தூக்குவோம். மழை கொட்டிய நாட்களில் கடைக்காரர் புதுத் தகரத்தையே அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு நாளும் தவறவில்லை. அந்த மாதம் முழுக்க எனக்குப் பசியே தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் பரீட்சைக்குப் போகிற மாதிரி இருக்கும்.

பெருநாள் பிறை தெரிந்த சாயங்காலம், அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். செயலாளர் மாமா வந்தார். கமிட்டி என்ன முடிவு செய்தது என்று கேட்டுக்கொண்டே ஈரக் கையோடு ஓடினேன். அவர் படிக்கட்டின் கைப்பிடியை ஒரு தரம் தட்டிப் பார்த்தார்.

"மழை விட்டதும் கூரை வேலையைத் தொடங்குங்க. வாடகையில கழிச்சுக்கலாம். ஆனா ஒரு நிபந்தனை."

"என்ன மாமா?"

"கழிச்சு முடிஞ்சாலும் கஞ்சி இங்கேயிருந்துதான் வரணும், வருஷா வருஷம். பள்ளிவாசல்ல எல்லாரும் கேக்குறாங்க."

வருஷா வருஷம்! அப்படியென்றால் வருஷா வருஷம் நாங்கள் இங்கே இருப்போம். நான் பதில் சொல்வதற்குள் என் பின்னாலிருந்து டோடோ உரக்கக் கத்தினார்.

"யபீ!"